அவர் வாங்கின கார்

"இனி இதுக்குச் செலவு பண்றது வீண். பேசாம காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றான் கணவன்.

கேட் தூணில் மோதி நசுங்கிய காரை, வீட்டு வாசலிலேயே குனிந்து பார்த்த மெக்கானிக், "இன்ஜின் நல்லா இருக்கு சார். சரி பண்ணிடலாம்" என்றார்.

"பண்ணிடுங்கண்ணே" என்றாள் மனைவி.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்துபோன அவளுடைய முதல் கணவன் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. அதில் ஏறினாலே அவள் முகத்தில் தனிக் களை வந்துவிடும். "அவர் இந்த ரோட்டுல மெதுவாத்தான் போவார்" என்று பேச்சு வேறு.

உதிரி பாகம் விசாரிக்க மெக்கானிக் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் வெடித்தான்.

"இன்னும் அவரை மறக்க முடியலை, இல்ல?"

"வேணும்னேதானே தூண்ல மோதினீங்க?" என்று நிதானமாகக் கேட்டாள்.

அவன் தலை தானாகக் குனிந்தது.

"உங்க மனசு புரிஞ்சுதான், இதை அவரோட தங்கச்சிக்கே குடுத்துடறேன்னு சொல்லியிருந்தேன். அவ நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறதா இருந்துச்சு. உடைஞ்ச காரையா குடுக்கறது?"

மெக்கானிக் திரும்பி வந்தார்.

"பார்ட்ஸ் வர ரெண்டு மாசம் ஆகுமாம் சார். அதுவரைக்கும் உங்க வாசல்லயே நிக்கட்டும்."