மணிக்கட்டு வழி

"வளைவுல மாட்டும், பாத்துக்கிட்டே இருங்க," என்றார் பெரியவர். "கை வழியா போனா எப்பவும் இந்த ரோதனைதான். தொடை வழியா போயிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

"பாத்துக்கிறேன் சார்," என்றாள் இளைய டாக்டர். கண் திரையைவிட்டு நகரவில்லை. இருதயத்துக்குப் போகும் மெல்லிய கம்பி அவள் விரல்களுக்கிடையே அங்குலம் அங்குலமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தலைமை நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், இன்னிக்கு ஒரு நாளாவது பேசாம வேடிக்கை பாருங்களேன்."

"வேடிக்கை பாக்கவா சிஸ்டர், இருபத்திரண்டு வருஷமா இந்த ரூமே கதின்னு கிடக்கிறேன்?"

அறையின் குளிர் இன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது. எக்ஸ்ரேக்குப் பயந்து அங்கே வேலை செய்கிற எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஈயக் கோட்டு இல்லாமல், தோள் இரண்டும் வெறிச்சென்று இருந்தன.

ஒரு காலத்தில் இந்த ஆஸ்பத்திரியில் இருதயம் என்றால் பெரியவர்தான். அப்பா டாக்டர், தாத்தா டாக்டர். தொட்டிலிலேயே ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்து விளையாடியவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவள் நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்தாள். பஸ் கண்டக்டர் மகள். படித்தது பெயர் தெரியாத ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடம். "வீட்டுல டாக்டருங்க யாராவது உண்டாம்மா?" என்று கேட்டார் பெரியவர், வேண்டுமென்றேதான். "இல்ல சார், நோயாளிங்கதான் உண்டு," என்றாள் அவள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதுக்குள்ளேயே இருந்தது.

வந்த வேகத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிற இடத்தில் பொட்டளவு துளை. அது வழியாகவே இருதயம் வரை போய் அடைப்பை எடுத்துவிடுவாள். அவளிடம் வந்தவர்கள் சாயங்காலமே சப்பணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். பெரியவரிடம் வந்தவர்களோ, தொடையில் மூட்டையை வைத்தது போல் கட்டோடு, காலை அசைக்காமல் மல்லாந்து கிடந்து அதை வேடிக்கை பார்த்தார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? "கை டாக்டரம்மா இருக்காங்களா?" என்றுதான் வாசலில் விசாரிப்பு. "பெரியவர் இருக்கார், போறீங்களா?" என்றால், "பரவால்லைங்க, நாங்க காத்திருக்கிறோம்," என்பார்கள்.

இன்று காலையும் அதே கதைதான். கார் நிறுத்துமிடத்தில் மாரடைப்பு. ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்த ஊழியர், "எந்த டாக்டரைக் கூப்பிடட்டும்?" என்று பதறியபோது வந்த பதில், "கை டாக்டரம்மாவை."

அதை நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது. வாசல் பலகையில் முதல் பெயராகப் பெரியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்க, அந்த வாய் எப்படி அப்படிச் சொல்லலாம்? அவள் மேல் வந்த கோபத்தைவிட அந்த வாயின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

"சார் சொன்ன மாதிரியே மாட்டுது மேடம்," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன்.

திரையில் இடப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் பாதியிலேயே மொட்டையாக நின்றது. கம்பியின் நுனி அதன் வளைவில் முட்டி முட்டித் திரும்பியது. இதயத்துடிப்பைக் காட்டும் கருவி அவசரப்பட்டுக் கத்தியது.

ஒரு கணம், மாட்டிக்கொள்ளட்டும் என்றே அவர் மனசு ஆசைப்பட்டது. "நீங்க சொன்னதுதான் சார் சரி, தொடைக்கே போயிடலாம்" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். மேசையில் கிடக்கிற உயிர்கூட அந்த நேரத்தில் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

அவள் கம்பியைச் சற்றே பின்னுக்கு இழுத்து, இரண்டு விரலால் ஒரு திருகு திருகினாள். அது வழுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டியது. அதன் மேலேயே பலூனை அனுப்பி, ஊதி, சுருக்கினாள். எக்ஸ்ரேயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் சாய மருந்தைச் செலுத்தியதும், மொட்டையாக நின்ற குழாய் கறுப்பாக நீண்டு, கிளைவிட்டு, இருதயத்தின் நுனி வரை ஓடியது.

"சூப்பர் மேடம்!" என்று கத்தினான் டெக்னீஷியன். தலைமை நர்ஸ் முகமூடிக்குள் பெருமூச்சு விட்டாள். பெரியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரமும் சட்டென்று இறங்கியது. அதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

குழாய் திரும்ப மூடிக்கொள்ளாமல் இருக்க, ஸ்டென்ட் வைப்பது ஒன்றுதான் பாக்கி. அவள் அதைக் கொண்டுபோய் அடைப்பு இருந்த இடத்தில் நிறுத்தினாள். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. இதையாவது, தான் சொல்லி அவள் செய்ததாக இருக்கட்டுமே.

"இன்னும் துளி பின்னாடிம்மா! அங்க இல்ல, இங்க!" வாயால் சொன்னது போதாமல், திரையைச் சுட்டிக்காட்ட வலது கையைத் தூக்கப் போனார்.

அவள் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே குனிந்து பார்த்தாள்.

"கையை ஆட்டாதீங்க சார்! அது வழியாத்தான் உங்க ஹார்ட்டுக்குள்ள போயிருக்கேன்."