வீட்டுப்பாடம்

"பன்னெண்டு செட் இருக்கற கோழிப்பண்ணை. தீவனம், தடுப்பூசி, முட்டை, செத்த கோழி எல்லாம் கம்ப்யூட்டர்ல வரணும். இதுக்கு ஒரு டிசைன் போடு. மதியத்துக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிரு. சாப்பாட்டு நேரத்துல திருத்திடறேன்" என்று ஷூ லேஸைக் கட்டியபடியே சொன்னான் ஜெகதீஸ்வரன்.

"ஏனுங்க, இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்குது? மூணுலயும் தேடிட்டேன். லைப்ரரியும் ஏ.டி.எம்மும்தான் திரும்பத் திரும்ப வருது" என்றாள் தனப்பிரியா.

"புஸ்தகத்துல இருந்தா பாத்து எழுதிருவியே! உனக்குன்னு நானே உக்காந்து யோசிச்சுக் குடுக்கறது தனா."

அவளுக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. கணக்கில் பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்த புதிதில், வீட்டு அலமாரியில் கணவனின் கல்லூரிப் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன்னால் அதை எப்படி அலசி, எந்தெந்தப் பொருள்களாகப் பிரித்து வடிவமைப்பது என்று சொல்லித் தரும் மூன்று தடிப் புத்தகங்கள். முதல் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் யாருடைய கையும் பட்ட அடையாளம் இல்லை. பொழுது போகாமல் பிரித்தவள், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றையும் இரண்டு முறை படித்து முடித்திருந்தாள்.

கேள்வியில் வரும் பெயர்ச்சொற்களை வட்டமிடு, உனக்கு வேண்டிய பொருள்கள் அதில்தான் இருக்கின்றன என்று புத்தகம் சொல்லியிருந்தது. வட்டமிட்டாள். கோழிகளை அடைக்கும் கொட்டகையான செட்டை நடுவில் வைத்துப் பெட்டி போட்டாள். கோழி, தீவனம், தடுப்பூசி எல்லாவற்றையும் அதோடு கோடு போட்டு இணைத்தாள்.

எங்கேயோ இடித்தது.

சேந்தமங்கலத்தில் அவள் அப்பா மருதாசலம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். குஞ்சுகள் வளர்ந்ததும் ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு மாற்றுவார்கள். செட் நின்ற இடத்திலேயே நிற்கும். கோழி போய்விடும். அப்படியானால் போட்ட தடுப்பூசிக் கணக்கு காலி செட்டில் அல்லவா தங்கிவிடும்?

எல்லாவற்றையும் அழித்தாள். ஒரே நாளில் குஞ்சாக வந்து, கறிக்குப் போகிற நாள்வரை ஒன்றாகவே இருக்கும் கூட்டம்தான் பேட்ச். அதை நடுவில் வைத்தாள். செட், அது தங்கிவிட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். மடமடவென்று எல்லாம் பொருந்தி வந்தது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஆவலோடு கேட்டாள். "எப்படிங்க இருந்துச்சு?"

"சுமார்தான். புஸ்தகத்தைப் படிச்சுப் படம் போடறது வேற, கம்பெனில வேலை பாக்கறது வேற. எட்டு வருஷமா இதுலயே கெடக்கறவன் சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷம் படி. அப்பறம் வேலைக்குப் போறதைப் பத்திப் பாக்கலாம்."

அப்படியே படித்தாள். லாரி புக்கிங், ஜவ்வரிசி மில், நூல் குடோன் என்று வாரத்துக்கு ஒன்று கொடுத்தான். எதற்கும் "சுமார்" என்பதைத் தாண்டி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. தை மாதம் அவன் டீம் லீடர் ஆனபோது, இப்பேர்ப்பட்டவர் தனக்காக நேரம் ஒதுக்குகிறாரே என்று அவள்தான் முதலில் பூரித்துப்போனாள்.

சித்திரையில் அவன் கம்பெனியின் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் புது ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஜெகதீஸ்வரன் வேலை பார்த்தது சேலம் கிளையில். அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போட்டு, அவனிடம் சொல்லாமலே விண்ணப்பித்தாள். வேலை உத்தரவை அவன் கையில் கொடுத்து, 'சுமார்' என்ற அந்த வாய் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். "அப்பா ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பிக் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

நேர்முகத் தேர்வில் தீனதயாளன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"லைப்ரரி, ஏ.டி.எம். வேண்டாம்மா. காலைல இருந்து எல்லாரும் அதையே ஒப்பிக்கறாங்க. நீங்களா போட்ட டிசைன் ஒண்ணு போர்டுல போடுங்க."

தனப்பிரியா கோழிப்பண்ணையைப் போட்டாள். பாதியிலேயே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செட்டை ஏன் நடுவுல வெக்கல?"

"செட் நகராதுங்க சார். கோழிதான் நகரும்" என்று தொடங்கி அத்தனையையும் விளக்கினாள். அவர் முகத்தில் மெச்சுதலை எதிர்பார்த்தாள். அந்த முகமோ கல்லாகியிருந்தது.

"இது நீங்களா போட்டது?"

"ஆமாங்க சார்."

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதே பெட்டிகள், அதே கோடுகள். தடுப்பூசிக்கான ஆங்கிலச் சொல்லில் அன்றைக்கு அவசரத்தில் அவள் விட்டுவிட்ட ஓர் எழுத்துகூட அதில் விடுபட்டே இருந்தது.

"இன்னைக்கு அறுபது பண்ணைல இது ஓடுது. இதைப் போட்டதுக்குத்தான் எங்க சேலம் ஆபீஸ்ல ஒருத்தரை டீம் லீடர் ஆக்குனோம். அடுத்தவங்க உழைப்பைத் தன்னோடதுன்னு சொல்லிக்கறது தப்பில்லையாம்மா?" என்றவர், திரையின் ஓரத்தில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினார். "ஜெகதீஸ்வரன். இவரை உங்களுக்குத் தெரியுமா?"

தனப்பிரியா மடிக்கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சுங்க சார். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."