உயராத புருவம்

தனிஸ்லாஸுக்கும் அவன் மனைவி பிளாரன்ஸுக்கும் காது கேட்காது. கல்யாணமான நாள்முதல் கைகளால்தான் பேசிக்கொண்டார்கள். கை வார்த்தையைச் சொல்லும். கூடவே புருவம் உயர்ந்தால்தான் அது கேள்வி. மகள் கல்யாணம் நெருங்கியதால், நெற்றிச் சுருக்கம் போக பிளாரன்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். சில நாட்களில் நெற்றி வழுவழுப்பானது. புருவம் அசையவில்லை. அதை அவள் பெரிதாக எண்ணவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, தினமும் கடை வேலையில் கசங்கிப்போகும் அவன் சட்டை கசங்காமல் இருந்ததைப் பார்த்து, "இன்னைக்குக் கடைக்குப் போகலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். புருவம் உயராததால் அது அவனுக்கு, "இன்னைக்கு நீங்க கடைக்குப் போகல" என்று தெரிந்தது.

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

பிளாரன்ஸ் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இப்படி அமைதியாக இருக்கிறாள் என்று அவன் பயந்தான்.

"உன் தங்கச்சிதான் வீட்டுக்கு வரச் சொன்னா" என்று சோறு ஒட்டிய கையாலேயே சொன்னான். "நானா போகல."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் இன்னும் அதே பயத்தோடு பார்ப்பதைக் கண்டபோது, தன் முகம் எதையும் காட்டவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். "மிச்சத்தையும் உங்க கையாலயே சொல்லுங்க."

அவன் எழுந்துபோய், இரண்டு கைகளையும் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.