எது நம்ம ஹெட்போன்?

ஹெட்போன் கம்பெனியின் தலைமை இன்ஜினீயர் தன் மனைவியின் கண்களைத் துணியால் கட்டினார்.

“ஒண்ணு நம்மளோடது. இன்னொண்ணு போட்டிக் கம்பெனியோடது, கால்வாசி விலை. நீ சரியா கண்டுபிடிச்சாத்தான், விலையைக் குறைக்க வேணாம்னு நாளைக்கு முதலாளிகிட்ட சொல்ல முடியும். வெளியில இருந்து வர்ற சத்தத்துக்கு நேரெதிரா ஒரு அலையை உண்டாக்கி, அந்தச் சத்தத்தை நம்மளோடது அப்படியே அமுக்கி…”

“பாடம் எடுக்காம மாட்டுங்க.”

இரண்டாவதை மாட்டியதுமே, “இதுதான் நம்மளோடது” என்றாள்.

அவர் பூரித்துப்போனார். “அந்த அமைதியை வச்சுத்தானே சொன்ன?”

“கனத்தை வச்சுங்க. சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதுல கழுத்து வலிக்கும்.”

அவர் குரல் இறங்கியது. “அப்புறம் ஏன் தினமும் மாட்டிக்கிற?”

கண்கட்டை அவிழ்த்தவள், அவர் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு சொன்னாள்.

“நீங்க ஆசையா செஞ்சதாச்சே. அதான், நீங்க வீட்ல இருக்கும்போது மட்டும் மாட்டிக்குவேன்.”