நான்கு விரல் இடைவெளி

டிராக்டர் வாங்கி உழுத குற்றத்துக்காக இயந்திரங்களை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபை எஸ்ராவை விலக்கிவைத்து ஆறு மாதமாகிறது. விலக்கப்பட்டவனோடு யாரும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, கட்டிய மனைவியும்கூட. லவீனா அவனுக்கென்று ஒரு மேசையைத் தன் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, இரண்டின் மேலும் ஒரே விரிப்பை விரித்தாள். இடைவெளி இருந்தால் சரி என்று சபையும் விட்டுவிட்டது.

இன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் சபைப் பெரியவர் யோஸ்ட். தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு லவீனாவின் மேசையில் உட்கார்ந்தார். அடுத்த மேசையில் எஸ்ரா தலையைக் குனிந்துகொண்டான். பெருக்குகிற சாக்கில் லவீனா தன் மேசையை அவன் மேசைப் பக்கம் இரண்டு விரல் நகர்த்தியிருந்தாள். இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருக்கிறது, இவர் கண்ணுக்குத் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

“கொஞ்சம் பால் குடும்மா” என்றார் யோஸ்ட்.

அவள் காலியான சின்னக் கண்ணாடித் தம்ளரை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை ஒற்றை விரலால் விரிப்பின்மேல் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு மேசைக்கும் நடுவில், விரிப்பு குழிந்து தம்ளர் சாய வேண்டிய இடத்தில், விரலை எடுத்தார். தம்ளர் நிமிர்ந்து நின்றது.

லவீனா எஸ்ராவைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. மற்ற இரண்டு விரலையும் இவன் எப்போது தள்ளினான்?

“ஊத்தும்மா.”

ஊற்றினாள். பால் விளிம்புவரை ஏறி, ஒரு சொட்டும் சிந்தாமல் நின்றது. இப்போது இரண்டும் ஒரே மேசை. அதை எடுத்துக் குடிக்க யோஸ்ட் கையை நீட்டவில்லை.