கூனல் பனையின் நிழல்

பஸ்ரியாம்பிள்ளை பனையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். கோடரியோடு வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"என்னண்ணை, மரத்தில பேயே இருக்கு?"

"ஓம், இருக்கு. வெட்டினியளெண்டால் என்ர குடும்பம் தெருவில."

போர் ஓய்ந்த சமாதான காலத்தில் கரம்பொன் ஊரில் எழும்பிய கண்காட்சி மண்டபத்தின் வளவு அது. கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டு, அந்த மின்சாரத்திலேயே மண்டபத்தை நடத்துவதாக ஏற்பாடு. வளவு மூலையில் நின்ற கூனல் பனையோ பின்னேரங்களில் கூரையில் நிழல் விழுத்தியது. வெட்டத்தான் வேண்டும் என்று மண்டபச் சபை முடிவெடுத்துவிட்டது.

ஏன் வெட்டக்கூடாது என்று மனிதர் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, கடலுக்கடியில் ஒரு கல். கலவாய் மீன் மொய்க்கிற இடம். கோயில் குருசும் கூனல் பனையும் ஒரே நேர்கோட்டில் வர, மறுபக்கம் கடற்கோட்டை மதில் தெரிய நங்கூரம் போட்டால், கல் சரியாக வள்ளத்துக்குக் கீழே இருக்கும். பனை போனால் கல்லும் போச்சு. காரணத்தைச் சொன்னாலோ, ஊரே அங்கே தூண்டில் போடும்.

இது தெரிந்த மற்ற ஆள், அவர் மனைவி ஞானசவுந்தரியின் தம்பி சில்வெஸ்ரர் மட்டும்தான். முறை வைத்து இருவரும் அங்கே போய்வந்தார்கள். நல்லவேளை, அவன் மண்டபச் சபையிலும் இருந்தான். ஓடிவந்து கோடரிக்காரரை மறித்தான்.

"தகடு முழுக்கப் பூட்டினாப் பிறகுதான் மரத்தில கை வைக்கவேணும். இப்ப போங்கோ!"

அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், ஒரேயடியா மறிக்க என்னால ஏலாது. பிந்தப் பண்ணத்தான் முடிஞ்சுது."

"நீயாவது இருக்கிறாய் மச்சான்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் கடலுக்கே போகவில்லை. பகலெல்லாம் பனையடியில் காவல். சோறு கொண்டுவந்த ஞானசவுந்தரி வெடித்தாள். "பேசாமல் இந்தப் பனையையே கலியாணம் முடிச்சிருக்கலாம் நீங்கள்!"

தகடு பூட்டி முடித்த அன்று மண்டபத்தில் மத்தியான விருந்து. ஊரே பந்தியில் இருக்க, சில்வெஸ்ரரை மட்டும் காணவில்லை. உச்சி வெயிலில் வள்ளத்தை இறக்கிக்கொண்டு போனானாம். மரம் போகப்போகிற கவலையில் சாப்பாடு இறங்கவில்லையாக்கும் என்று பஸ்ரியாம்பிள்ளைக்கு நெஞ்சு இளகியது. அப்பாவி மனுசன்.

மறுநாள் பனை விழுந்தது.

கண்காட்சி திறந்து, சனம் லைற்றைப் பார்த்து வாயைப் பிளந்த கிழமை, அவர் கல்லைத் தேடிக் கடலில் அலைந்தார். குருசு தெரிந்தது. கோட்டை தெரிந்தது. எங்கே நங்கூரம் போடுவது என்றுதான் தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

வெறும் வள்ளத்தோடு கரைக்கு வந்தால், பக்கத்தில் சில்வெஸ்ரரின் வள்ளம். அதற்குள் முழங்கை நீளக் கலவாய்கள் குவிந்து கிடந்தன.

"டேய்... கல்லுக்கே போனனீ? பனை இல்லாமல் எப்பிடியடா?"

சில்வெஸ்ரர் மீனைக் கூடைக்குள் அள்ளியபடி மண்டபக் கூரையைத் திரும்பிப் பார்த்தான். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது.

"நீங்கள் பனைக்குக் காவல் இருக்கேக்க, நான் அது விழ முந்தியே இந்தத் தகட்டு மினுக்கத்தில கல்லுக்குப் புதுக்குறி வைச்சிட்டன் அத்தான்."