கடைமடைக்கு முதல் தண்ணீர்

"முதல் முறை கடைமடைக்கே போகட்டும் ஐயா. பாவம், வீரம்மா ஒண்டி ஆளு" என்றார் கன்னையா.

கனகசபையால் நம்ப முடியவில்லை. கன்னையாவின் வயல் மதகை ஒட்டிய தலைமடை. போன கூட்டத்தில் இதே மனிதர்தான், "எங்களுக்குப் போக மிச்சம்தான் கீழே" என்று மண்வெட்டியை ஓங்கியவர்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள்குறைத்தபோது, வேலை போனவர்களுக்கு நெல் பயிரிட அரசாங்கம் கொடுத்த நிலம் அது. மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே இருந்தது. இந்த வருஷம் மழை இல்லை. தண்ணீர் யாருக்கு முதலில் என்பதை அதிகாரியும் விவசாயிகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பது புது ஏற்பாடு. அதை நடத்த வந்த யாழ்ப்பாணத்துக் கனகசபைக்கு உத்தியோகமே புதிது.

இன்றும் முடிவாகாவிட்டால் வீரம்மாவின் நாற்று கருகிவிடும். விளைச்சல் காட்டாதவர்களிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கே கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

"மெய்யாத்தான் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார் கனகசபை.

"நானும் விட்டுத் தரேன் ஐயா" என்று முந்தினார் அடுத்த வயல் சின்னையா.

"நானும்தான் லா. மூணு நாளைக்கு எங்களுக்குத் தண்ணியே வேணாம்" என்றார் அதற்கடுத்த வயல் நாகையா.

பின்னாலிருந்து இராஜம்மாவின் குரல் வந்தது. "என்னண்ணே, மூணு பேரும் ஒண்ணா சாமியாராப் போறீங்களா?"

கொட்டகையே சிரித்தது. அந்த மூவர் மட்டும் தரையைப் பார்த்தார்கள். வீரம்மா குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் கனகசபை.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம். பிறகு ஒருத்தரும் மாத்திக் கதைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கனகசபை நிம்மதியாக மூச்சுவிட்டார். இந்த ஆட்களோடு உட்கார்ந்து பேசி ஒன்றும் ஆகாது என்று சொன்ன மேலதிகாரி வெள்ளைக்காரத் துரையிடம் நாளைக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் வீரம்மாவோடு மதகைத் திறக்க நடந்தார். வழியில் நின்றுவிட்டார். தலைமடை வயல்கள் மூன்றிலும் வரப்பு விளிம்புவரை தண்ணீர் பளபளத்தது.

"களவு! இரவு மதகைத் திறந்து நிரப்பிப்போட்டு, எனக்கு முன்னால தருமவான் வேஷமோ? கூப்பிடுங்கோ அவையள!"

"வேணாம் ஐயா. அவங்க திறக்கல. காலைல வயலைப் பாத்துட்டு, வெளிய சொன்னா திருட்டுப் பழி வந்து அடுத்த முறையும் போயிடும்னு ஆளுக்கு ஆள் கமுக்கமா இருக்காங்க."

"அப்ப ஆர் திறந்தது?"

வீரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகில் இறங்கினாள்.

"நான்தான். அவங்களுக்கு நிறைஞ்சாத்தானே எனக்கு விட்டுக்கொடுப்பாங்க? அந்தப் பக்கம் கொஞ்சம் பலகையைப் பிடிங்க ஐயா, நேத்து ஒண்டியாத் தூக்கி இடுப்பே போச்சு."